தெரியாதுப்பா

தீர்ப்புக்கு முந்தி ஆறு சனிக்கிழமை
ரெண்டு பேரும் வகுப்புக்கு வரணும்,
பிள்ளையையும் கூட்டி வரணும் என்று உத்தரவு.
பாளையங்கோட்டையில், கோர்ட்டுக்குப் பின்பக்கம்,
பழைய கட்டுகளை ஒதுக்கிவிட்டு உண்டாக்கிய அறை.
வருகைப் பதிவில் நான் பதினொன்று,
ஆவுடைச்செல்வி பன்னிரண்டு.
ரேஷன் கார்டுக்குப் பிறகு
எங்கள் பெயர் அடுத்தடுத்து வந்தது இதில்தான்.

ஜெபக்கனி மேடம் முதல் நாள் போர்டில் எழுதினார்கள்:
பிள்ளை தபால்காரர் அல்ல.
மூலைக்கரைப்பட்டிக்காரர் ஒருவர் பின்வரிசையிலிருந்து
'தபால்காரருக்குச் சம்பளமாவது உண்டும்மா' என்றார்.

அடுத்த வாரம் வெள்ளைத்தாள், பத்துக் கேள்வி.
வகுப்பு டீச்சர் பெயர் என்ன. எந்தப் பல் ஆடுகிறது.
ராத்திரி எதற்குப் பயப்படுகிறான்.
செருப்பு எத்தனாம் நம்பர்.
நான் பணகுடிப் பக்கம் காற்றாலையில் மெக்கானிக்.
எண்பது மீட்டர் உயரத்தில், இருட்டில்,
எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று கை சொல்லும்.
செருப்புக்குப் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தேன்.
அவள் கையால் மறைத்துக்கொண்டாள்,
பரீட்சை எழுதுகிற சின்னப்பிள்ளை மாதிரி.

மூன்றாம் வாரம் காற்றுக்காலம், லீவு இல்லை.
ஆறு ஏழானது.

பிள்ளைகளுக்குப் பக்கத்து அறை. நடுவில் பிளைவுட்.
மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.
ஒருநாள் கரண்டு போனது.
விசிறி நிற்க நிற்க
அந்தப்பக்கமிருந்து வாய்ப்பாடு மாதிரி ராகம் எழும்பியது:
இது என் தப்பு இல்ல,
இது என் தப்பு இல்ல.
பத்துப் பதினைந்து குரல்.
அதில் தளவாய் குரல் எது என்று
நானும் அவளும் ஒரே நேரத்தில் தலையைச் சாய்த்தோம்.
இந்தப்பக்கம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
யார் தப்பு என்று வருஷக்கணக்கில்
வக்கீல் வைத்துப் பேசிய கூட்டம் இது.

கடைசி வாரம் நடிப்பு.
நான் தளவாய் ஆகணும். அவள் நான் ஆகணும்.
பாலர் பள்ளி நாற்காலி ஒன்று போட்டார்கள்,
முட்டி நெஞ்சில் இடித்தது.
ஆவுடைச்செல்வி வாட்சை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு
தொண்டையைச் செருமினாள்.
'ஏல, வீட்டுக்கு யாரெல்லாம் வந்தாவ?
அம்மா போன்ல யார்கூடப் பேசுதா?'
என் குரல். அந்தச் செருமலும் என்னுடையது.
வகுப்பே சிரித்தது.
நான் தளவாய் சொல்வதைச் சொன்னேன்:
'தெரியாதுப்பா.'
'நெசமாவா?'
'தெரியாதுப்பா.'
அந்தத் தெரியாது
தெரியாதது இல்லை என்று
அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.
அவள் அதற்குமேல் கேட்கவில்லை.
வாட்சை மணிக்கட்டுக்கு இறக்கிக்கொண்டாள்.

சான்றிதழ் கொடுத்தார்கள். ரப்பர் ஸ்டாம்பு
பாதிதான் விழுந்திருந்தது.

அன்றைக்கு ராத்திரி அவன் என் பக்கம்.
புது பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் வண்டி,
ஜன்னலோரம் அவன்.
நாங்குநேரி தாண்டியதும் பழக்கத்தில் செருமிவிட்டேன்.
அவன் தோள் இறுகியது.
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
வேறு கேட்டேன்:
'ஏல, ஒன் செருப்பு எத்தனாம் நம்பர்?'
வெளியே பார்த்தபடி, சட்டென்று,
'தெரியாதுப்பா.'

வள்ளியூரில் தூங்கிப்போனான்.
ஒரு செருப்பை மெல்லக் கழற்றி
செல்போன் வெளிச்சத்தில் திருப்பினேன்.
குதிகாலில் எண் இருந்த இடம்
வழுவழுவென்று தேய்ந்திருந்தது.
கையை விரித்து அதன்மேல் வைத்தேன்.
ஒரு சாணுக்கு
ஒரு விரல் குறைவு.